பூஜை முடிந்த பிறகு பந்தி
(ஒரு கிராமத்து வாசகசாலையின் ஆண்டு விழாவில் நாம் பேசியதின் சாரம்)



இவ்வாசகசாலை வாலிபர்கள் நம்மை அழைக்க வந்தபோது, எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டோம். கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தோம். அவர்களோ, "ஐயா, கடவுள் சங்கதி அப்புறம் இருக்கட்டும், எங்கள் ஊரில் இப்போது சாப்பாட்டுச் சங்கதிதான் சண்டையாய் இருக்கின்றது, அதைப் பேசுங்கள்" என்றார்கள். விசாரித்தோம். சென்ற மாதம் இங்கு அம்மன் திருவிழா நடந்ததாம். தலைக்கட்டு வரியை ஊர்த் தெருவிலும் வாங்கினார்கள், காலனியிலும் வாங்கினார்கள். வாங்கிய பணத்தை ஒரே பெட்டியில்தான் போட்டார்கள். திருவிழாவன்று எல்லோரும் கோயிலுக்குள் போனார்கள். ஒரே கற்பூரத் தட்டைத்தான் எல்லோருக்கும் காட்டினார்கள். அதுவரையில் ஒரு வம்பும் இல்லை. பூஜை முடிந்து அன்னதானப் பந்திக்கு இலை போட ஆரம்பித்தவுடன், காலனிக்காரர்களைப் பார்த்து, "கூட்டமாய் இருக்கின்றது, நீங்கள் பாத்திரம் கொண்டு வந்து வாங்கிக் கொண்டு போய்விடுங்களேன்" என்று வெகு மரியாதையாகச் சொன்னார்களாம்.

கூட்டம் என்றால் எல்லோருக்கும் கூட்டந்தானே? அது ஒரு தெருக்காரர்களுடைய கண்ணுக்கு மாத்திரம் எப்படித் தெரிந்தது? வரி வசூலிக்கும்போது "கூட்டமாய் இருக்கின்றது, நீங்கள் கொடுக்க வேண்டாம்" என்று யாராவது சொன்னார்களா?

தோழர்களே! நாம் யாரையும் திட்டுவதற்காக இங்கு வரவில்லை. அப்படிச் சொன்னவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று அறிகின்றோம். அவர்கள் வந்திருப்பதற்காக நாம் சந்தோஷப்படுகின்றோம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. சாமி கும்பிடுகின்ற வரையில் கூட இருந்த மனிதன், சோறு என்றவுடன் ஏன் வேறு மனிதனாகி விடுகிறான்?

சற்று யோசித்துப் பாருங்கள். சாமி கும்பிடும்போது மனிதன் என்ன செய்கிறான்? எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக் கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. அவனிடத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டியதுகூட இல்லை. பந்தி அப்படியல்ல. தோளோடு தோள் இடிக்கும்படி உட்கார வேண்டும். எதிர்ப் பந்திக்காரன் முகம் தெரியும். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொள்ளுங்கள்" என்று சொல்ல நேரிடும். பிறகு வெற்றிலை போட்டுக் கொண்டு, மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பையன் படிப்பைப் பற்றியும் பேச்சு வளரும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தன்னைப் போன்றவன் என்று அறிந்து கொள்வது அங்கேதான். அதனால்தான் கோயிற் கதவைத் திறந்துவிட ஒப்புக்கொண்டவர்கள்கூடப் பந்திப் பாயை மாத்திரம் சுருட்டிக் கொண்டு ஓடுகிறார்கள். இந்த மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தில் எழுதி அது அமுலுக்கு வந்தது 1950-ல். பொது இடத்தில் தடுத்தால் தண்டனை என்ற சட்டம் 1955-ல் வந்தது. ஆனால் "கூட்டமாய் இருக்கின்றது" என்ற ஒரு வார்த்தைக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எந்த வக்கீலைப் போய்க் கேட்பது?

இனி இந்தத் தீட்டின் யோக்கியதையைப் பார்ப்போம். நாற்றுப் பறிப்பது யார்? நடுவது யார்? சேற்றில் இறங்கிக் களை எடுப்பது யார்? அறுத்துக் கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து வந்து, அடித்துத் தூற்றி, மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவது யார்? ஒவ்வொரு நெல்மணியும் யார் கையில் எத்தனை முறை புரண்டது? அப்போதெல்லாம் அந்த நெல்லுக்குத் தீட்டு இல்லை. அது அரிசியாகி வீட்டுக்குள் நுழைந்த போதும் தீட்டு இல்லை. காலனியிலிருந்து காணிக்கையாக வந்த தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தீட்டு இல்லை. ரூபாய் நோட்டுக்கோ தீட்டு என்ற பேச்சே இல்லை. அந்த அரிசியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துச் சோறாக்கிவிட்டால் மாத்திரம், அதே கை அதைத் தொடக்கூடாது. அதே ஆள் அதன் பக்கத்தில் உட்காரக்கூடாது. நாம் கேட்கின்றோம், கொதிக்கின்ற தண்ணீரில் கிருமிகூடச் செத்துப் போகின்றதே, இந்தத் தீட்டு மாத்திரம் அதில் பிறந்து வளருவானேன்? அரிசிக்கு இல்லாத ஜாதி சோற்றுக்கு எந்த நிமிஷத்தில் வந்து சேர்ந்தது? முதல் கொதியிலா, கஞ்சி வடித்த பிறகா?

இது ஏதோ இந்து மதத்துக்காரர்களுடைய சங்கதி மாத்திரம் என்று இங்குள்ள கிறிஸ்தவத் தோழர்கள் சிரித்துக் கொண்டிருக்க வேண்டாம். உங்கள் வேத புஸ்தகத்தையே எடுத்துப் பாருங்கள். அந்தியோகியா பட்டணத்தில் பேதுரு என்பவர் யூதரல்லாதாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில யூதப் பெரிய மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கண்டவுடன் பேதுரு மெள்ள எழுந்து ஒதுங்கிக் கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். பவுல் என்பவர் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்ததாக அவரே கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கின்றது. சபையின் தூண் என்று சொல்லப்பட்டவரே, சொந்த ஊர்க்காரன் பார்த்துவிடுவானோ என்று பயந்து இலையை விட்டு எழுந்தார் என்றால், நம் ஊர்த் தர்மகர்த்தாக்களை மாத்திரம் நாம் எதற்காக அதிகமாய்க் கோபித்துக் கொள்ள வேண்டும்? கொரிந்து பட்டணத்தில் நடந்ததோ இன்னும் அழகு. எல்லோரும் கூடி உண்ண வேண்டிய விருந்தில் பணக்காரர்கள் முன்னதாக வந்து தின்று குடித்து வெறித்துக் கிடந்தார்களாம். பிறகு வந்த ஏழை பசியோடு நின்றானாம். அங்கு ஜாதி இல்லை. அதன் இடத்தில் பணம் உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் அந்த விருந்துக்கு ஒரு மதிப்பு இல்லாமலும் போகவில்லை. ஏறக்குறைய 112-ம் வருஷத்தில் ப்ளினி என்ற ரோமானிய அதிகாரி தன் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினான். இந்தக் கிறிஸ்தவர்கள் பொழுது விடியுமுன் கூடிப் பாட்டுப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, பொய் சொல்லுவதில்லை என்று பிரமாணம் செய்கிறார்கள். கலைந்து போய், மறுபடியும் கூடிச் சாதாரணமான உணவை உண்ணுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறான். உண்மையைக் கக்க வைப்பதற்காக இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் அவனே எழுதுகிறான். அந்த இருவரும் சபையில் ஊழியக்காரிகள். அடிமைப் பெண்ணுக்குப் பதவி கொடுத்து, கூட உட்கார வைத்துச் சாப்பிட்ட கூட்டத்தைப் பார்த்துச் சர்க்காருக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் என்ன? பின்னால் அந்த மதம் பெரிதாகி, பெரிய மனிதர்கள் உள்ளே வந்த பிறகு, நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய குருமார் கோயிலுக்குள் அன்பின் விருந்து நடத்தக்கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். பாட்டு நிலைத்தது, பந்தி வெளியே போயிற்று.

பிற்பாடு அந்த மதம் நம் நாட்டுக்கு வந்து என்ன செய்தது? தரங்கம்பாடிக்கு 1706-ல் ஜெர்மன் பாதிரிகள் வந்து இறங்கினார்கள். கோயில் கட்டினார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். அவற்றால் தமிழுக்கும் தமிழருக்கும் விளைந்த நன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கோயில்களில் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். ஒரே ஆண்டவருடைய அப்பமும் ரசமும்கூட மேல்ஜாதிக்கு முன்னும், கீழ்ஜாதி என்பாருக்குப் பின்னும் என்று நடந்து வந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப்பான டேனியல் வில்சன் என்பவர், ஜாதியைச் சபைக்குள் ஒரேயடியாக விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார். உடனே வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். மோட்சத்தை விட்டாலும் விடுவோம், ஜாதியை விடமாட்டோம் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். வாயால் "ஜாதியை விட்டேன்" என்று சொல்லுகிறவர்களை நம்பிப் பயனில்லை என்று கண்டு, 1847-ல் எல்லா ஜாதியாரும் கூடியிருந்து சாப்பிட வேண்டிய அன்பின் விருந்தையே பரீட்சையாக வைத்தார்கள். அதாவது, உபதேசியார் வேலையில் இருக்க வேண்டுமானால் பிரசங்கம் செய்தால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும். வருஷக் கணக்காக ஊர் ஊராய்ப் போய் "எல்லோரும் ஆண்டவருடைய பிள்ளைகள்" என்று உபதேசம் செய்தவர்களில் பலர் அந்த இலைக்கு முன்னே உட்கார மாட்டாமல் உத்தியோகத்தையும் சபையையும் இழந்து போனார்கள். அந்த உத்தியோகம் போனால் பட்டினி என்ற நிலையிலும் போனார்கள். 1850-ல் சென்னையில் பல சபைப் பாதிரிமார் கூடி, உடனுண்ண மறுப்பவன் ஜாதியை விட்டவன் ஆகமாட்டான் என்று தீர்மானித்தார்கள். லைப்சிக் லூத்தரன் மிஷன்காரர் மாத்திரம் இதில் சேரவில்லை. ஜாதி உலக வழக்கம், மெதுவாகப் போகட்டும் என்றார்கள். அந்த "மெதுவாக" என்ற வார்த்தை அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை பேருக்குச் சௌகரியமாக இருக்கின்றது பாருங்கள்!

கத்தோலிக்கரும் சளைத்தவர்கள் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில், இரண்டு ஜாதியார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பூசை காண்பதற்கென்றே 1872-ல் கால்சட்டை மாதிரி இரண்டு கூறாக ஒரு கோயில் கட்டினார்கள். நடுவே இருந்த சுவரை 1910-ல்தான் இடித்தார்கள். அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். சாமி ஒன்று, சுவர் இரண்டு பக்கம். இதைச் சொன்னால் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள்.

இன்றைக்கும் அந்தத் தென்பாண்டிச் சீமையில் கோயில் பிரதிஷ்டை விழாவானால் அசனம் என்று பெரிய விருந்து நடக்கின்றது. பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் ஆக்கி ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். நாமும் சாப்பிட்டிருக்கின்றோம், கறி நன்றாகவே இருந்தது. எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் உட்காருகின்ற ஊரில் அதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் ஒரே ஜாதியார் மாத்திரமே உள்ள சபையில் ஆயிரம் பேர் கூடி உண்டால், அது ஒரு பெரிய குடும்பத்துச் சாப்பாடுதானேயல்லாமல் வேறென்ன?

பஞ்சாப் தேசத்துச் சீக்கியர்களைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் இந்த விஷயத்தை மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்து கொண்டவர்கள். நானக் என்பவர் ஆரம்பித்த பொதுச் சமையலுக்கு லங்கர் என்று பெயர். அவர்களுடைய மூன்றாவது குருவான அமர்தாஸ் காலத்தில், அதாவது 1552-க்கும் 1574-க்கும் இடையில், ஒரு விதி ஏற்பட்டது. முதலில் பந்தி, பிறகுதான் சபை. குருவைப் பார்க்க வேண்டுமா? போய்த் தரையில் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவனோடு சாப்பிட்டுவிட்டு வா. அக்பர் பாதுஷாவே அப்படி உட்கார்ந்து உண்டார் என்று அவர்கள் சொல்லிக் கொள்ளுகிறார்கள். நம் ஊரில் பூஜை முடிந்து பந்தி என்றால், அங்கே பந்தி முடிந்துதான் மற்றது. தந்திரத்தை எப்படிப் போட்டிருக்கிறார் பார்த்தீர்களா? சாமியைக் கண்ட பிறகு மனிதன் நழுவிவிடுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கின்றது! இன்றும் அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினம் ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் உண்ணுகிறார்கள். உங்கள் மதம் என்ன, ஜாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. எச்சில் தட்டு கழுவுவதைப் பெரிய செல்வந்தர்களும் வந்து செய்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் அங்கே நடந்ததைக் கேளுங்கள். அதே பொற்கோயிலில் தாழ்ந்த ஜாதியிலிருந்து சீக்கியரானவர்கள் கொண்டு வரும் கடாப் பிரசாதம் என்ற கோதுமை இனிப்பை, அர்ச்சகர்கள் கைநீட்டி வாங்க மாட்டார்கள். 1920-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி, புதிதாகத் தீட்சை பெற்ற அந்த ஜாதியார் ஊர்வலமாகப் பிரசாதத்தைக் கொண்டு போனார்கள். கல்லூரி ஆசிரியர்களும் மற்றச் சீர்திருத்தக்காரர்களும் கூடப் போனார்கள். அர்ச்சகர்கள் முடியாது என்றார்கள். கடைசியில், அவர்களுடைய வேத நூலையே திறந்து பார்ப்பது, அது என்ன சொல்லுகின்றதோ அப்படி நடப்பது என்று ஏற்பாடாயிற்று. திறந்த பக்கம் இவர்களுக்கு அனுகூலமாக வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது, எல்லோரும் உண்டார்கள். மற்ற அர்ச்சகர்கள் கோயிலைப் போட்டுவிட்டு ஓடிப் போனார்கள். அடுத்த மாதமே, கோயில்களைப் பரிபாலனம் செய்ய இப்போதிருக்கின்ற பெரிய கமிட்டி ஏற்பட்டது. ஒரு பிடி இனிப்பிலிருந்து எவ்வளவு பெரிய காரியம் கிளம்பிற்று பாருங்கள்! திறந்த பக்கத்தில் வேறுவிதமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நாம் யோசித்ததுண்டு. அந்த மனிதர்கள் கூட்டமாகவும் உறுதியாகவும் போயிருந்தார்கள். அதனால் ஏதாவது ஒரு பக்கம் சாதகமாகத்தான் இருந்திருக்கும். இவ்வளவுக்குப் பின்னும் பஞ்சாபில் பல கிராமங்களில் தாழ்ந்த ஜாதிச் சீக்கியருக்குத் தனிக் கோயில் இருந்து வருகின்றது. பொற்கோயிலில் ஒன்றாகத் தின்றுவிட்டு ஊருக்குப் போய் வெவ்வேறாக உட்காருகிறார்கள்.

இஸ்லாமியத் தோழர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் விருந்தென்றால் சஹன் என்ற பெரிய தாம்பாளத்தில் சோற்றை வைத்து, இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டு உண்ணுவார்கள். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியை அக்கம்பக்கத்து வேறு மதக்காரர்களும் வாங்கிக் குடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே தட்டில் கை போட்டவனிடம் தீட்டுப் பேச இடமில்லை என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகின்றோம். அந்தத் தட்டைச் சுற்றிப் பெண்களைக் காணவில்லையே என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெண்கள் சங்கதி எல்லா மதத்துக்கும் பொது. வீட்டில் பஜனை, ஜெபக்கூட்டம், பாராயணம், எது நடந்தாலும் அந்த வீட்டுப் பெண்கள் பாட்டின் முதலடியைக் கேட்டிருப்பார்கள். கடைசியடியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போது அடுப்படியில் சுண்டலுக்குக் கடுகு தாளித்துக் கொண்டிருப்பார்கள். வந்தவர்கள் காப்பி குடித்து, உலக விவகாரமெல்லாம் பேசி, ஏப்பம் விட்டுப் போன பிறகு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பது அவர்களுக்கு. "அம்மா காப்பி மணமாய் இருந்தது" என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்ததாக எண்ணுகிறார்கள். நம்முடைய இயக்கக் கூட்டங்கள் மாத்திரம் என்ன யோக்கியதையில் இருக்கின்றன? பெண் விடுதலையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிவிட்டு, சாப்பாடு தயாரா என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கின்ற தோழர்களை நாம் அறிவோம். அந்தத் தோழர்களில் நாமும் ஒருவராக இருந்திருக்கின்றோம்.

சில கனவான்கள் ஒரு ஆட்சேபணை சொல்லுகிறார்கள். "சாப்பாடு அவனவன் பழக்கம், சிலர் மாமிசம் உண்பவர், சிலர் உண்ணாதவர், சுத்தம் என்று ஒன்றும் இருக்கின்றதே" என்கிறார்கள். சரி, மாமிசம் வேண்டாதவர் இலைக்கு மாமிசம் வைக்க வேண்டாம். கறி இரண்டு விதமாக இருக்கட்டும், பந்தி எதற்கு இரண்டு? சுத்தம் வேண்டுமென்றால் சமைக்கிறவன் கையைக் கழுவச் சொல்லுங்கள், உண்ணுகிறவனும் கழுவட்டும். அதற்குச் சோப்பும் தண்ணீரும் போதும். இதே கனவான்கள் பட்டணத்து ஓட்டலில் உட்கார்ந்து, சமையற்காரன் யார், மாவு ஆட்டினவன் யார், பக்கத்து மேஜைக்காரன் யார் என்று ஒன்றும் கேளாமல் இரண்டு தோசை தின்றுவிட்டு வருகிறார்கள். பஸ் ஏறி ஊர் எல்லையில் இறங்கினவுடன் சுத்தம் ஞாபகத்துக்கு வந்து விடுகின்றது.

சர்க்கார் கோயில்களில் சுதந்திர தினத்தன்று மந்திரிகளும் அதிகாரிகளும் பொது விருந்தில் உட்காருகிறார்கள். நல்ல காரியந்தான். போட்டோவில் எல்லோரும் சிரித்துக் கொண்டிருக்கிறார்கள். மந்திரி எழுந்து போன மறுநாள் அந்த ஊர்த் தேநீர்க் கடையில் தம்ளர் எத்தனை விதம் என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இந்த ஊர்க் காலனித் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். அடுத்த திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வரும்போது, பந்தி எப்படி என்று முதலில் கேளுங்கள். ஒரே பந்தி என்றால் கொடுங்கள். பாத்திரம் கொண்டு வா என்றால், பணத்தைக் கொடுக்காமல் அந்தப் பணத்துக்கு இந்த வாசகசாலைக்குப் புஸ்தகம் வாங்குங்கள். கோயிலே வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்; அதை நீங்கள் ஒப்புக் கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவமானத்தை விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

ஊர்த் தெருத் தோழர்களுக்கும் ஒன்று. "எனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்றுதான்" என்று உங்களில் நாலு பேர் நம்மிடம் இன்று மாலையே தனித்தனியாக வந்து சொன்னீர்கள். அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் பயப்படுகிறீர்கள் என்று தெரிகின்றது! நால்வரும் இங்கேயே இருக்கிறீர்கள், பெயரைச் சொல்லவில்லை.

நேரமாகிவிட்டது. வெளியே பந்தலில் உப்புமாவும் சுண்டலும் காப்பியும் தயாராய் இருப்பதாகத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சமைத்தது காலனியில் இரண்டு வீட்டில், ஊர்த் தெருவில் ஒரு வீட்டில். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறியாயிற்று. இனிப் பிரிக்க முடியாது. வேண்டாம் என்கிறவர்கள் எழுந்து போகலாம், நமக்கு வருத்தமில்லை. இருக்கிறவர்கள் இடம் கிடைத்த இடத்தில் உட்காருங்கள். இலை அறுபதுதான் இருக்கின்றதாம். ஆகையால் முதல் பந்தியில் தாய்மார்கள் உட்காரட்டும். காப்பி வாளியை நம்மிடம் கொடுங்கள். பரிமாறுவதற்கு இன்னும் நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் யார் என்று நமக்குத் தெரியும், மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு வாருங்கள்.